அக்கா மகளின் எம்.பி.ஏ.வும் காளவாசல் பிளெக்ஸும்

அக்கா போன் செய்தபோது நான் நாக்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் வடக்கே போய் முறுக்குச் சுட்டு விற்பது ரொம்ப காலமாக நடக்கிற பிழைப்பு. தகரக் கொட்டகை, பெரிய எண்ணெய்ச் சட்டி, படுக்க அதே கொட்டகையின் மறுபக்கம். வெயில் காலத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்பதற்கும் வெளியே நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

"டேய், எங்கடா இருக்க?"

"அடுப்புக்கிட்ட இருக்கேன்க்கா."

"அத அமத்திட்டு ரயிலு ஏறு. பாப்பாவுக்கு அயர்லாந்துல எம்பிஏ சீட்டு கெடச்சிருக்கு. போகவா வேணாமான்னு நீதான் ஒரு வார்த்த சொல்லணும்."

"நானா? நான் பத்தாவதே தாண்டலயேக்கா."

"படிச்சவன்னா ஒன்னய கூப்புடுறேன்? தாய்மாமன்னு கூப்புடுறேன். கெளம்பி வா."

எங்கள் பக்கம் அது அப்படித்தான். பிள்ளைக்கு மொட்டை போட்டாலும், காது குத்தினாலும், வயசுக்கு வந்தாலும், கல்யாணம் பேசினாலும் தாய்மாமன் வந்து உட்கார வேண்டும். அவனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை. அயர்லாந்து எம்.பி.ஏ.வுக்கு யார் உட்கார வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால் அதையும் என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

அக்காவும் மச்சானும் கல்யாணமான புதிதில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். மழை பெய்யாத வருடத்தில் காட்டில் பயிரும் இருக்காது, களையும் இருக்காது. அதனால் மதுரைக்கு வந்தார்கள். காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு ஒரு அறை, அதில் ஒரு கிரைண்டர். இட்லி மாவு அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோய் விற்றார்கள். இப்போது அதே சந்தில் சொந்த வீடு. கீழே கிரைண்டர்கள், மேலே குடித்தனம், வாசலில் ஒரு லோடு ஆட்டோ. மாவு பாக்கெட்டில் போகிறது. மச்சான் வண்டி ஓட்டுவார். பேச்சு அவருக்கு அவ்வளவாக வராது. அக்கா அரைப்பாள், பேச்சையும் சேர்த்து.

மற்றதெல்லாம் அக்கா மகள். பி.காம் முடித்ததும் வேறு வேலைக்குப் போகாமல் மாவுக்கே வந்துவிட்டாள். எந்தக் கடைக்கு எவ்வளவு, எந்தக் கடைக்கு எப்படி என்பதெல்லாம் அவள் கையில். பிள்ளைகுட்டிக்காரர்கள் இருக்கிற தெருவுக்குப் புளிக்காத மாவு. பையன்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிற தெருவுக்குத் தோசைக்காக நன்றாகப் புளித்த மாவு. மாவைப் படித்தது போதாது, வியாபாரத்தைப் படிக்க வேண்டும் என்று அவளாகவே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சீட்டும் கிடைத்துவிட்டது. மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம் நிற்கும். மீதிக்கு வங்கிக் கடன், அதற்கு இந்த வீட்டுப் பத்திரம். அக்கா வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், சரி என்றும் சொல்ல மாட்டாள். மச்சான் வழக்கம்போல எதுவுமே சொல்ல மாட்டார். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் மதுரைக்கு வந்த மறுநாள் அக்கா மகள் என்னையும் கூட்டிக்கொண்டு, அவளை அனுப்பி வைக்கிற ஏஜென்சி ஆபீசுக்குப் போனாள். ஏசி அறை. சுவரில் சிரித்துக்கொண்டு தொப்பியைத் தூக்கி எறிகிற பிள்ளைகள். டை கட்டிய ஒரு தம்பி, நாங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வேலை கிடைக்குமா? கிடைக்கும் சார். தங்க இடம்? அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார். குளிர்? எஞ்சாய் பண்ணலாம் சார்.

எனக்கு அந்தத் தலையாட்டல் பழக்கமானது. மஸ்கட்டுக்கு டிரைவர் வேலை என்று என்னை அனுப்பிய ஏஜென்ட்டும் இப்படித்தான் ஆட்டினான். அங்கே போன பிறகு ஒட்டகத்துக்குத் தண்ணீர் தூக்கினேன். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா மகள் கேட்டுவிட்டாள்.

"இம்புட்டு நல்லா இருக்குல்ல, நீங்க ஏன் சார் போகல?"

அந்தத் தம்பி டையைத் தளர்த்திக்கொண்டு, "எனக்கு விசா ரிஜெக்ட் ஆயிருச்சு மேடம்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவன் ஒழுங்காகப் பேசினான். வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, பகுதிநேர வேலைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று கட்டுப்பாடு, படித்து முடித்ததும் வேலை தேடக் கொஞ்ச காலம் விசா தருவார்கள், தேடினாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எழுந்திருக்கும்போது எனக்குக் கைகொடுத்து, "நல்லா யோசிச்சு வாங்க அண்ணே" என்றான். சார் போய் அண்ணே ஆகியிருந்தேன். அயர்லாந்தில் படிக்கிற ஒரு பெண்ணிடம் ஏற்கெனவே போனில் பேசிவிட்டதாகவும், அவளும் இதையேதான் சொன்னாள் என்றும் படியிறங்கும்போது அக்கா மகள் சொன்னாள். "அப்பறம் இங்க எதுக்குத்தா வந்தோம்?" என்றேன். "ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கத்தான்" என்றாள்.

அடுத்த நாள் உசிலம்பட்டிக்குப் போனேன். அங்கே என் பள்ளிக்கூடக் கூட்டாளி பிளெக்ஸ் அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறான். பத்தாவது கணக்குப் பரீட்சையில் இருவரும் சேர்ந்தே கவிழ்ந்தவர்கள். நான் ஊரை விட்டேன், அவன் விடவில்லை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதற்கும் அவன் பிளெக்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் எதுவும் நடக்காது. பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பப் போறது உறுதியா மாப்ள?"

"நான் சொல்லணுமாம்டா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"நீயா போகாதன்னு சொல்லுவ? தாடி மொளைக்கிறதுக்கு முன்னாடி லாரி ஏறுனவன் நீ!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். நான் சிரித்துவிட்டு மதுரைப் பேருந்தில் ஏறினேன். அந்தச் சிரிப்பை அவன் ஆர்டராக எடுத்துக்கொண்டான் என்பது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா மகள் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனாள். மலையடிவாரத்துத் தாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். சமணர் படுக்கையைப் பார்க்க ஏறியவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, தெரியாத ஊருல ஒனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது? பசியா?"

"பசி பழகிரும்த்தா. சோலாப்பூர்ல பல்லு வலிச்சது, அதான்."

ரோட்டோரம் பல் பிடுங்குகிற ஆளிடம் போனதைச் சொன்னேன். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். வலித்த பல் அப்படியே இருந்தது. மறுநாள் போய் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒருவாரம் கஞ்சி. கொட்டகையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரவர்க்கு அவரவர் வேலை.

அவள் சுண்டல் புரையேறும்வரை சிரித்தாள். "அதான் ஒரு பக்கமாவே சிரிக்கிறியா? நான் அது ஸ்டைலுன்னு நெனச்சேன்."

"அப்படியே நெனச்சுக்க."

சிரித்து முடித்தபிறகுதான் உள்ளே இருந்ததைச் சொன்னாள். "நான் போனா கடை படுத்துரும் மாமா. அம்மாவுக்கு அரைக்கத்தான் தெரியும். கடைக்காரங்ககிட்ட சண்டை போட்டுரும். போனுல ஆர்டர் பாக்கத் தெரியாது. ஒரு வருசத்துல எல்லாரும் வேற மாவுக்குப் போயிருவாய்ங்க. நான் படிச்சுட்டு வந்து எந்த வியாபாரத்தப் பாக்குறது? வீட்டயும் வச்சுக் கடன் வாங்கி..."

நான் போனால் படுத்துவிடுகிற மாதிரி எதையும் என் ஆயுசில் நான் வைத்திருந்ததில்லை. எங்கே கிளம்பினாலும் பின்னால் எல்லாம் நின்றது நின்றபடி இருக்கும். அதனால் அவள் சொன்ன கனம் எனக்குப் புதிது. "சொல்லத் தெரியலத்தா" என்றேன். "பரவால்ல, நீயாச்சும் தெரியலன்னு சொன்னியே" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

மறுநாள் விடியும்போது மச்சான் லோடு ஏற்றப் போனவர் திரும்பி வந்து, அதிசயமாக வாயைத் திறந்தார். "மாப்ள, வெளிய வந்து பாரு."

காளவாசல் முக்கில், டீக்கடைக்கு மேலே, மூங்கில் சாரத்தில் பிளெக்ஸ் நின்றது. ஒரு விமானம், ஒரு ஈபிள் கோபுரம், கீழே ஒரு சிங்கம். நடுவில் ஆளுயரத்துக்கு நான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறேன். ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் அக்கா மகள், கல்லூரி அடையாள அட்டைப் படத்தில் இருப்பதுபோல முறைத்துக்கொண்டு. "உயர்கல்வி பயில அயல்நாடு புறப்படும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி வழியனுப்பும் தாய்மாமன் மற்றும் நண்பர்கள்." எம்.பி.ஏ. என்ற எழுத்து மட்டும் தீப்பிடித்து எரிகிற மாதிரி போட்டிருந்தான்.

அக்கா மகள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "மாமா, நான் இன்னும் போறேன்னே சொல்லல."

"நானும்தான்த்தா சொல்லல."

அதற்குள் ஒருவர் பைக்கை ஓரம்கட்டி இறங்கி வந்து, அவள் படத்தைக் காட்டி, "பாவம், சின்ன வயசு. எப்படித் தவறுச்சு?" என்று அவளிடமே கேட்டார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஏறு மாமா. இத அடிச்ச அந்தாளப் பாக்கணும்." அன்றைக்குக் கடைகளுக்குச் சரக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். "எல்லாம் குட்டிச்சுவராப் போகட்டும்" என்றாள். கோபத்தில் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அது செக்கானூரணி தாண்டியபிறகுதான் தெரிந்தது.

உசிலம்பட்டியில் கூட்டாளி கடைக்கு வெளியே அதே பிளெக்ஸ் இன்னொன்றும் நின்றது. எங்களைப் பார்த்ததும் அவன் முகம் அப்படி மலர்ந்தது.

"வா மருமகளே! எப்படி இருக்கு? மாமன் சொந்தச் செலவு."

"மாமா, நான் போறது அயர்லாந்து. ஈபிள் டவரு பாரிசுல இருக்கு."

"வெளிநாடுன்னு அடிச்சா அதாம்மா வருது. விமானம் கரெக்டா இருக்குல்ல?"

"நான் போறதே இன்னும் முடிவாகல!"

அவன் என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன். "அப்ப அவுத்துருவோமா?" என்று கேட்டுவிட்டு அவனே, "வச்ச பிளெக்ஸ நிகழ்ச்சிக்கு முன்னாடி அவுக்குறது நல்லதில்லயே தாயி. கல்யாணமே நின்னுபோனாக்கூட பிளெக்ஸு அதுபாட்டுக்கு நிக்கும்" என்றான். பிறகு என் காதருகில் வந்து ரகசியமாகச் சொன்னான். "பாத்தியா மாப்ள, ஒனக்குப் பல்லு வச்சு விட்டிருக்கேன்."

உண்மைதான். பிளெக்ஸில் எனக்கு முழு வரிசை இருந்தது. அதைக் கேட்டதும் அக்கா மகள் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். அதற்குமேல் அவனோடு சண்டை போட முடியவில்லை. புரோட்டா வாங்கிக் கொடுத்தான். திரும்பும்போது ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டி முடித்து வீட்டுக்கு வந்து சேரப் பொழுது சாயும் நேரம் ஆகிவிட்டது. வழியெல்லாம் அவள், விற்காத மாவு புளித்துப் பொங்கி வாசல்வரை வந்திருக்கும் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள் போல.

வாசலில் எதுவும் பொங்கவில்லை. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, மகளுடைய செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்து, மைக்கில் பேசுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஒங்களுக்குப் புளிச்சது. கேக்குதா? இன்னைக்கு மாத்தி வந்துருச்சு, அதுக்காக வீட்டு வாசல்ல வந்து கத்துவீங்களா? வச்சுர்றேன்."

"என்னம்மா பண்ற?"

"வாய்ஸு அனுப்புறேன். ஒங்கப்பாதான் அமுக்கிப் பேசச் சொன்னாரு."

நடந்தது இதுதான். பிளெக்ஸைப் பார்த்த கடைக்காரர்கள் எல்லாரும் பிள்ளை போய்விட்டது என்றே முடிவுகட்டி, நேரே அக்காவிடம் வந்திருக்கிறார்கள். இரண்டு கடைக்குச் சரக்கு மாறிப் போனது. ஒரு கடைக்காரரோடு தெருவே வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சண்டை. எந்தக் கடைக்கு முதலில் போவது என்று சொல்ல ஆளில்லாமல் மச்சான் பைபாஸ் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். ஆனால் மாவு மிச்சமில்லை. முக்கு மளிகைக் கடைக்காரர் பால் பாக்கெட் கொடுக்க வந்தவர் அக்கா மகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏம்மா, நீ இன்னும் போகலயா?"

"இல்லண்ணே."

"அம்மாகிட்ட ஆர்டர் சொல்றது நல்லாத்தான்மா இருக்கு. நீன்னா ஓகேன்னு ஒரு வார்த்த அனுப்புவ. அம்மா நாலு வசவு சேத்து அனுப்புது. மாவு வருதுன்னு ஒரு நம்பிக்க இருக்கு."

அக்கா மகள் மாடிக்குப் போய்விட்டாள். நான் கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

"ஒரு நாள்கூட என்னயத் தேடல மாமா."

"தேடலன்னு வருத்தமா?"

"ஆமா, வருத்தமாத்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இம்புட்டு நாளும் கடைய ஒரு சாக்காச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு. இனிமே பயம் மட்டும்தான் பாக்கி."

"எதப் பத்தி?"

"எல்லாத்தையும் பத்தித்தான். வேலை கெடைக்காட்டி என்ன பண்றது? கடன் ஏறிட்டே போகும். குளிரு. தனியா ஒரு ரூமு."

"வேலை கெடைக்காட்டி?" நான் அறிவுரைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவள் விரலை மடக்கி யோசித்தாள். "இங்க வந்து மாவு விப்பேன். பெருசா விப்பேன். அப்பவும் கடன் கட்டலாம், ரொம்ப வருசம் ஆகும், அம்புட்டுத்தான்." சொல்லி முடித்ததும் அவளே தான் சொன்னதை ஒருமுறை மனசுக்குள் திருப்பிப் பார்த்ததுபோல இருந்தது. கீழே அக்கா மறுபடி யாருக்கோ வாய்ஸ் அனுப்புகிற சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி என்னைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா வெற்றிலைத் தட்டு வைத்தாள். மச்சான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பங்காளி வீட்டார் சிலர் வந்திருந்தார்கள். நான் வேலைக்கென்று நாலு ஊரில் நாலு விதமாகப் பொய் சொன்னவன், ஆனால் அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். அக்கா மகள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

"நான் போயிட்டு வாரேன்."

அக்காதான் முதலில் பேசினாள். "தாய்மாமன் இன்னும் சொல்லலயேடி."

"சொல்லச் சொல்லு. நான் வேணாம்ங்கல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன். "போறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிரு."

பங்காளி வீட்டார் முகத்தில் ஒரு குழப்பம். மச்சான் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தாள். முடிந்தது.

டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன். கடைவாயில் ஒரு பல் உள்ளே சொத்தையாகிக்கொண்டிருந்தது. அங்கே போய் வலித்திருந்தால் பல் வைத்தியத்துக்கே ஒரு கடன் வாங்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தெரியாத ஊர்களில் அலைந்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே படிப்பு ஒருவருக்குப் பயன்பட்டதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆட்கள் மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். வாசலில் பெட்டியை எடை பார்த்தபோது, அக்கா கட்டிக் கொடுத்த இட்லிப் பொடியை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் ஒரு சண்டை. உள்ளே போகும்போது அக்கா மகள் திரும்பிக் கையை ஆட்டிவிட்டு, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பல் பத்திரமாக இருக்கிறது என்று சைகை செய்தாள்.

ஐப்பசி மழைக்கு லோடு ஆட்டோவின் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. புதுசு எதற்கு என்று அக்கா பிளெக்ஸை அவிழ்த்துவரச் சொன்னாள். நிகழ்ச்சிதான் முடிந்துவிட்டதே. நல்ல கனமான பிளெக்ஸ், சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. கட்டும்போது அளவு சரியாக வராமல் அக்கா மகள் படமிருந்த ஓரம் உள்பக்கம் மடிந்துபோனது. அக்கா அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸும் அனுப்பினாள். "மாவு மேல நனையாம நீதான்டி உக்காந்து பாத்துக்கிட்டிருக்க. நல்லாப் படி." அங்கிருந்து வந்த பதிலை நானும் கேட்டேன். வாடகை அறையில் ஹீட்டர் ஓடுகிற சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம், நடுவே அவள் குரல். "அம்மா, இங்க குளிருல மாவு புளிக்கவே மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?" அக்காவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சீட்டுக் கிடைத்த அன்றுகூட இல்லை.

மழை விட்டதும் நான் கிளம்பிவிட்டேன். இந்தமுறை ராய்ச்சூர் பக்கம், நெல் அறுக்கிற வண்டியோடு. எனக்கு யாரும் பிளெக்ஸ் வைக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் காளவாசலைக் கடந்துபோகிறவர்கள் என்னைப் பார்க்கலாம். லோடு ஆட்டோவின் மேல், கறுப்புக் கண்ணாடியோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, கடைகடையாக மாவு போட்டுக்கொண்டிருக்கிறேன்.